பனிக்காலப் புதையல் வேட்டை

ஜியோகேச்சிங் என்பது பெரியவர்களும் ஆடும் புதையல் வேட்டை. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் இடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் பிடிப்பார்கள். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே தொடக்கத்தில் நீக்கியது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்தார். ஆட்டம் பிறந்தது.

அதன் ருசி பனிக்காலத்தில்தான் கூடுகிறது. கோடையில் தழை மறைத்த மரப்பொந்து, இலையுதிர்ந்தபின் தூரத்திலேயே தெரியும். கொசு இல்லை, உண்ணியும் குறைவு. ஆனால் பனி வேறு விதமாகக் கண்ணாமூச்சி காட்டும். ஜிபிஎஸ் சில மீட்டர் அருகில் கொண்டுபோய் விட்டுவிடும். மிச்சத்தைக் கையால் துழாவ வேண்டும். முன்னே வந்தவரின் காலடித் தடம் குட்டை உடைத்துவிடும். தடமே படாத வெண்பனி என்றால் சந்தோஷம் இரட்டிப்பு. டப்பா கிடைத்தாலும் மூடி உறைந்து அடம்பிடிக்கும். உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயரெழுத முயன்றால் பேனா மை இறங்காது. விவரமானவர்கள் பென்சில் கொண்டுபோவார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதால் கைபேசியைச் சட்டைக்குள் வைத்திருப்பார்கள்.

டப்பாவுக்குள் பெரும்பாலும் பொம்மைக் காரோ சாவிக்கொத்தோதான் இருக்கும். ஒன்றை எடுத்தால் ஈடான இன்னொன்றை வைப்பது மரபு. முழங்கால் பனியில் நடப்பதற்கு விரல் டப்பாவில் இடிக்கும் அந்த நொடியே கூலி. பனி விழும் ஊரில் இருப்பவர்கள் ஒரு ஞாயிறு கிளம்பிப் பாருங்கள்; பென்சிலை மறக்காதீர்கள்.