மலிவு வண்டிகளும் மனங்கொள்ளாப் புகழுரைகளும்

புகழ்ந்துரைத்தல் எல்லா மொழிகளிலும் தொன்மையானதொரு கலை. வள்ளல்களைப் பாடிப் பரிசில் பெற்ற புலவர்கள் தமிழிலும் வாழ்ந்தார்கள். கலீபாக்களையும் சிற்றரசர்களையும் பாடிப் பொற்கிழி பெற்றவர்கள் அரபியிலும் வாழ்ந்தார்கள். அரசவைகள் மறைந்தன, ஆயினும் புகழ்ச்சிக் கலை மறையவில்லை. அது கடைத்தெருவுக்குக் குடிபெயர்ந்து, விளம்பரம் என்னும் புதுப்பெயரோடு வாழ்ந்து வருகிறது. செய்யுளை ஆராய்பவர் விளம்பரத்தையும் ஆராயலாகுமா என்று சிலர் வினவக்கூடும். ஆராயலாம் என்பது மட்டுமன்று, ஆராய வேண்டும் என்பதே நம் கருத்து. மிகையான கசீதாவைக் கேட்டு ஏழைக் குடும்பம் எதுவும் கெட்டதில்லை. மிகையான விளம்பரத்தை நம்பிச் சேமிப்பை இழந்த குடும்பங்களோ பல.

இரு மொழிகளிலும் புகழ்ச்சிக்கு இலக்கணம் உண்டு. சொல்லானது இடத்துக்கும் கேட்போர் நிலைக்கும் பொருந்த வேண்டும் என்பது அரபு அணியியலாகிய பலாகத் கலையின் முதற்பாடம். இதனை 'முக்தளல் ஹால்' என்பர். மிகைப்படுத்திக் கூறுவதை 'முபாலகா' என்பர். அது மூவகைப்படும். அறிவுக்கும் வழக்கத்துக்கும் இயன்ற மிகை 'தப்லீக்'. அறிவுக்கு இயன்றும் வழக்கத்தில் காணப்படாதது 'இக்ராக்'. இரண்டுக்குமே இயலாதது 'குலுவ்வு'. நம் தண்டியலங்காரமும் உள்ளதை உள்ளவாறு கூறும் தன்மையணியை ஒருபுறம் வைத்து, வியக்கும்படி கூறும் அதிசய அணியை மறுபுறம் வைத்திருக்கிறது. இத்துணை நுட்பமான அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு, நாள்தோறும் வீட்டுக்குள் வரும் புகழுரைகளை அளந்து பாராமல் விடுவது முறையன்று.

அவற்றுள் மலிவு விலை மோட்டார் கார்களின் விளம்பரங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம். செல்வர்க்குரிய காரைப் புகழ்வது எளிது. அதன் தோற்றமே பாதி வேலையைச் செய்துவிடும். மலிவான காரைப் புகழ்வதுதான் உண்மையான சோதனை. அதன் முதற்சிறப்பு விலை. விலையையே புகழப் புகுந்தால், கேட்பவரின் கையிருப்பைச் சுட்டிக்காட்டியதாகிவிடும். விலையை விட்டுவிட்டு வேறு சிறப்புகளைப் புகழப் புகுந்தாலோ, அச்சிறப்புகள் வண்டியில் இருத்தல் வேண்டும். இவ்விரு இக்கட்டுகளுக்கும் நடுவே கடந்த நூற்றாண்டின் விளம்பரப் புலவர்கள் எவ்வாறு தடுமாறினார்கள் என்பதைக் காண்போம்.

முதலாவது ஜெர்மனி. 1938ஆம் ஆண்டில் ஹிட்லரின் அரசு, 990 மார்க் விலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கார் என்று பறைசாற்றியது. வாரம் 5 மார்க் செலுத்தி, அதற்கீடான முத்திரைத் தாள்களைச் சேமிப்புப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். புத்தகம் நிரம்பியதும் வண்டி வீடு வரும் என்பது ஏற்பாடு. சாலையில் உல்லாசமாகச் செல்லும் குடும்பங்களின் வண்ணப்படங்கள் சுவரெங்கும் ஒட்டப்பட்டன. சுமார் 3,36,000 பேர் சேமிக்கத் தொடங்கினார்கள். 1939இல் போர் மூண்டது. ஆலை படைக்கலப் பணிக்குத் திரும்பியது. சேமித்தோரில் ஒருவர்க்கேனும் அத்திட்டத்தின்படி கார் கிட்டவில்லை. போருக்குப் பின் அவர்கள் தொடுத்த வழக்கு நெடுங்காலம் நடந்து, 1961இல்தான் சமரசத்தில் முடிந்தது. புதிய கார் வாங்கினால் விலையில் ஒரு தள்ளுபடி, இல்லையேல் ஒரு சிறு தொகை, அவ்வளவே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். 'குலுவ்வு' என்னும் கடும் மிகைகூட எவரையும் ஏமாற்றுவதில்லை. கேட்பவர் அதை மிகையென்றே அறிவார். ஜெர்மானியச் சுவரொட்டியில் மிகை ஏதும் இல்லை. இத்தனை மார்க், இத்தனை வாரம், ஒரு கார் என்று கணக்குப் போலவே அது பேசிற்று. நம்பத்தக்க எளிய நடையில் அமைந்ததே அதன் கேடு. அணியால் விளைந்த தீங்கைக் காட்டிலும், அணியற்ற கூற்றால் விளைந்த தீங்கு பெரிதாயிற்று.

அதே கார் பின்னர் ஃபோக்ஸ்வாகன் என்னும் பெயரில் கடல் கடந்தது. 1949இல் அமெரிக்காவில் விற்றவை இரண்டே வண்டிகள். அந்நாட்டார் கப்பலைப் போன்ற நீண்ட கார்களையே விரும்பிய காலம் அது. இதுவோ வண்டினைப் போல உருண்டு திரண்ட சிறு வண்டி. பகைநாட்டின் ஆலையில் பிறந்தது வேறு. இந்நிலையில் டாய்ல் டேன் பெர்ன்பாக் என்னும் விளம்பர நிறுவனம் 1959இல் இதனைப் புகழும் பொறுப்பை ஏற்றது. ஹெல்முட் குரோன் படத்தை அமைக்க, ஜூலியன் கோனிக் வாசகத்தை எழுதினார். வெறுமையான ஒரு முழுப் பக்கத்தின் மூலையில் சிறு கார்; அதன் கீழே, 'சிறியதாக எண்ணுங்கள்' என்னும் இரு சொல் தலைப்பு. பெரிதாக எண்ணுவதே பெருமை என்றிருந்த நாட்டில் இது நேர்மாறான குரல்.

1960இல் வந்த இன்னொரு விளம்பரம் இதனினும் துணிவானது. காரின் படத்துக்குக் கீழே 'எலுமிச்சை' என்று ஒரே சொல். அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்றால், வாங்கியவனை ஏமாற்றும் பழுதான சரக்கு என்று பொருள். தன் சரக்கைத் தானே பழுதென்று ஒரு கம்பெனி சொல்லுமா? படிப்பவர் வியந்து கீழே படித்தால் செய்தி விளங்கும். உள்ளே இருக்கும் ஒரு சிறு பெட்டியின் குரோமியப் பட்டையில் கறை இருந்ததால், அந்தக் கார் கப்பலேற்றப்படாமல் நிறுத்தப்பட்டது. ஆலையில் 3,389 பேர் குறை காண்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள்.

பழிப்பது போன்ற முறையால் மேன்மையைப் புலப்படுத்துவதைத் தண்டியலங்காரம் புகழாப்புகழ்ச்சி என்று குறிப்பிடும். அரபு அணி நூலாரும், பழிப்புக்கு ஒப்பான சொல்லால் புகழை உறுதிப்படுத்தும் அணியைத் தனியே வகுத்துள்ளனர். கேட்பவர் பழிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது புகழ் வந்து சேர்வதால், அதன் ஆற்றல் இருமடங்காகிறது. ஆயினும் இவ்வெற்றி அணியால் மட்டும் விளைந்ததன்று. சரக்கின் ஐபை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பதே நேரிய வணிகம் என்பதும், மறைந்திருந்த ஐபு பின்னர் வெளிப்பட்டால் சரக்கைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவர்க்கு உண்டு என்பதும் நம் ஃபிக்ஹு நூல்களில் ஓதப்படும் சட்டங்களே. அந்த விளம்பரம் குறையைச் சொல்லிற்று. குறை சிறிது என்பதையும் காட்டிற்று. சொன்னபடியே வண்டியும் உழைத்தது. சொல்லுக்குப் பின்னே பொருள் நின்றது.

பின்னே பொருள் நில்லாதபோது அதே அணி என்னவாகும் என்பதற்கு, அடுத்த சில ஆண்டுகளிலேயே சான்று கிடைத்தது. மால்கம் பிரிக்ளின் என்னும் வணிகர் 1968இல் ஜப்பானின் சுபாரு 360 என்னும் மிகச் சிறிய காரை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தார். விலை 1,297 டாலர். எடை ஆயிரம் பவுண்டுக்குக் குறைவாக இருந்தமையால், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகள் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. ஃபோக்ஸ்வாகனின் தன்னடக்க நடையைப் பார்த்து, 'மலிவும் அவலட்சணமும் போதும்' என்னும் கருத்தில் இதற்கும் விளம்பரம் எழுதினார்கள். 1969இல் நுகர்வோருக்காகப் பொருள்களைச் சோதிக்கும் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ், இந்தக் கார் ஏற்கத்தகாதது என்று தீர்ப்பளித்தது. மணிக்கு ஐம்பது மைல் வேகத்தை எட்ட அதற்கு அரை நிமிடத்துக்கும் மேல் பிடித்தது. மோதலைத் தாங்கும் வலிமையும் இல்லை. ஆக, விளம்பரம் ஒப்புக்கொண்ட குறை அழகின்மை; மறைத்த குறை உயிர்ப்பாதுகாப்பின்மை. சிறு குறையை ஒப்புக்கொண்டு பெருங்குறையை மறைப்பது புகழாப்புகழ்ச்சி ஆகாது. அடக்கத்தின் ஆடையை உடுத்திய பொய் அது.

அதே பிரிக்ளின் 1985இல் யூகோஸ்லாவியாவின் கிராகுயேவாத்ஸ் நகரத்து சஸ்தவா ஆலையிலிருந்து யூகோ என்னும் காரை இறக்குமதி செய்தார். இத்தாலிய ஃபியட் காரின் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது அது. விலை 3,990 டாலர். அமெரிக்காவில் அன்று கிடைத்த புதுக் கார்களில் அதுவே மலிவானது. விளம்பரங்களில் அந்த விலையே பெரிய எழுத்தில் நின்றது. ஃபோர்டின் பழைய டி வகைக் காருக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் வாரிசு என்னும் உரிமையும் கொண்டாடப்பட்டது. தொடக்கத்தில் கூட்டம் அலைமோதியது. 1986இல் மேற்சொன்ன இதழே, இதை வாங்குவதினும் நல்ல பழைய கார் ஒன்றை வாங்குவது மேல் என்று எழுதிற்று. இயந்திரத்துக்குள் ஓடும் பல்வாரைக் குறித்த தொலைவில் மாற்றாவிட்டால், வார் அறுந்து இயந்திரமே சிதைந்துவிடும். மலிவென்று வாங்கிய குடும்பம், பராமரிப்புச் செலவைக் கண்டு திகைத்தது. நாளடைவில் யூகோவைப் பற்றிய கேலிக்கதைகள் விளம்பரங்களைவிட வேகமாகப் பரவின. 1992இல் யூகோஸ்லாவியா மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையோடு அந்த வணிகம் முடிவுற்றது. அதற்குள் விற்றவை ஏறத்தாழ 1,41,000.

குலப்பெருமை கூறிப் பாடுவது பழைய புலவர்களின் வழக்கம். தந்தையின் வீரத்தைச் சொல்லி மகனைப் போருக்கு அனுப்பலாம். மகன் கையில் வாள் இல்லாவிட்டால் அப்பாட்டே அவனுக்கு வசையாகிவிடும். ஃபோக்ஸ்வாகனின் பெயரைச் சொன்னவுடன், அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி மக்களை யூகோ தானே அழைத்துவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இருசக்கர வண்டியில் தந்தை, தாய், இரு குழந்தைகள் என ஒரு குடும்பமே நெருங்கியமர்ந்து செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று. அக்காட்சியே தம்மை ஒரு மலிவுக் காரை எண்ணத் தூண்டியது என்று ரத்தன் டாட்டா கூறினார். 2008 ஜனவரி 10 அன்று டெல்லியில் நானோ அறிமுகமாயிற்று. ஒரு இலட்சம் ரூபாய்க் கார் என்று உலகமே வியந்தது. அப்பெயர் மக்கள் நாவில் நிலைத்தது. 624 சி.சி. இயந்திரத்தைப் பின்புறம் அமைத்து, நால்வர் அமரும் இடத்தைச் சிறு உடலுக்குள் அடக்கிய திறமை மெய்யாகவே பாராட்டுக்குரியது. 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிப் பதிவு செய்தனர். குலுக்கல் முறையில் முதல் ஒரு இலட்சம் பேரைத் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று.

பின்னர் நடந்ததோ வேறு. சிங்கூரில் எழுந்த நிலப் போராட்டத்தால் ஆலை குஜராத்தின் சானந்துக்கு இடம் மாறியது. கார்கள் கைக்கு வரத் தாமதமாயிற்று. சில கார்கள் தீப்பற்றிய செய்தி அச்சமூட்டியது. 2010 நவம்பரில் நாடெங்கும் விற்பனைக்கு அனுப்பப்பட்டவை 509 மட்டுமே. ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் கார்கள் செய்ய வல்ல ஆலை எந்த ஆண்டிலும் ஒரு இலட்சத்தை எட்டவில்லை. 2014இல் நடந்த மோதல் சோதனையில் நானோவுக்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. 2018 ஜூன் மாதத்தில் செய்யப்பட்டது ஒரே ஒரு கார். அத்துடன் அதன் கதை முடிந்தது எனலாம்.

இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் புகழுரையின் பிழை அவற்றுள் சிறியதன்று. எல்லாவற்றிலும் மலிவான கார் என்று அதற்கு அமைந்த பெயர் பொருந்தாதது என்பதை ரத்தன் டாட்டாவே பின்னாளில் வருத்தத்தோடு குறிப்பிட்டார். நம் நாட்டில் கார் வாங்குவது ஒரு குடும்பம் உறவினர் முன்னும் அண்டை வீட்டார் முன்னும் ஒரு படி உயர்ந்து நிற்கும் நாள். அந்நாளில் வாசலில் நிற்கும் பொருள், 'இதற்கு மேல் இவர்களால் இயலவில்லை' என்று தெருவுக்கு அறிவித்தால் யார் வாங்குவார்? இதுவே 'முக்தளல் ஹால்' பிழைத்த இடம். விலை எண் முற்றிலும் பொய்யன்று. ஆனால் கேட்பவரின் நிலைக்குப் பொருந்தாத உண்மை. பிற்பாடு வண்ணம் மாற்றி, இளைஞர்களுக்கான நவநாகரிகக் கார் என்று விளம்பரம் செய்தபோது எவரும் நம்பவில்லை. முதலில் வைத்த பெயர் அழியவில்லை.

இவ்வண்டிகளை வாங்கியவர்கள் அனைவரும் ஏமாந்தவர்கள் என்பது நம் கருத்தன்று. மழையில் நனையாமல் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற தந்தைக்கு, நானோ செய்த உதவி உண்மையானது. யூகோவைப் பேணிப் பாதுகாத்துப் பல்லாண்டு ஓட்டியவர்களும் உண்டு. சுபாரு நிறுவனமோ பின்னாளில் நல்ல கார்களைச் செய்து நற்பெயர் பெற்றது. பொருளுக்கு உரிய தகுதியை அதற்கு மறுப்பது, இல்லாத தகுதியை ஏற்றுவதைப் போலவே பிழையாகும்.

ஐந்து விளம்பர வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மலிவுப் பொருளைப் புகழ்பவர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, பொருளிடம் உள்ள குறையைப் பொருளளவுக்குச் சொல்லுதல். மற்றொன்று, கேட்பவரின் மானத்தைக் காத்தல். ஜெர்மானியத் திட்டமும் சுபாருவும் முதற் கடமையில் தவறின. யூகோ தன் தகுதிக்கு மேற்பட்ட குலப்பெருமை பேசித் தவறியது. நானோ இரண்டாவதில் தவறியது. 1960இன் ஃபோக்ஸ்வாகன் விளம்பரம் மட்டுமே இரண்டையும் நிறைவேற்றிற்று. சிறிய காரை வாங்குபவர் ஏழை என்று அது சொல்லவில்லை. விவேகி என்று சொல்லிற்று.

எனவே வாசகர்கள் தம் பிள்ளைகளுக்குச் செய்யுள் நலம் பாராட்டக் கற்பிப்பது போல, விளம்பரத்தைப் படிக்கவும் கற்பிக்க வேண்டும் என்போம். இதில் எந்தக் குறை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது, எந்தக் குறை பேசப்படவில்லை, இது யாரை எப்படிப்பட்டவராக எண்ணிப் பேசுகிறது என்னும் மூன்று வினாக்கள் போதும். குறைந்த வருவாயுள்ள குடும்பம் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கையிலேந்திக் கடைக்குச் செல்கிறது. அதன் முன் பேசப்படும் சொல், அரசவையில் பாடப்பட்ட கசீதாவைக் காட்டிலும் கூடுதல் பொறுப்போடு பேசப்பட வேண்டியதாகும்.