புடைப்பெழுத்து விளைவு: ஒரு மதிப்பீடு

புடைப்பெழுத்து விளைவு என்பது, திரையில் தட்டையாக உள்ள எழுத்தைப் பரப்பிலிருந்து மேலெழுந்தது போலவும் அதன் ஓரங்கள் சரிவாகச் செதுக்கப்பட்டது போலவும் காட்டும் வரைகலை உத்தியாகும். அடோபி போட்டோஷாப் மென்பொருளில் இது ‘பெவல் அண்ட் எம்பாஸ்’ எனப்படுகிறது. எளிதில் கிடைப்பது இதன் வலிமை. எழுத்தின் அமைப்பைக் கவனிக்காமலே இதை இட்டுவிட முடிவது இதன் குறை.

செயல்முறை

1998-ல் வெளியான போட்டோஷாப் 5.0 பதிப்பில் இவ்விளைவு லேயரோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன்பு எழுத்தை ஆல்பா சேனலில் வைத்து, மங்கலாக்கி, ஒளி ஃபில்டர்களைக் கொண்டு படிப்படியாகச் செய்ய வேண்டியிருந்தது. இப்போது மென்பொருளே ஒளி படும் ஓரத்தை வெளுப்பாக்கி, எதிர் ஓரத்தைக் கருமையாக்குகிறது. பின்னர் எழுத்தைத் திருத்தலாம், விளைவை நீக்கவும் செய்யலாம். இது உண்மையான முன்னேற்றமாகும்.

ஒளியின் திசை

ஒளி மேலிருந்து வருவதாகவே மனிதக் கண் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. மேல் ஓரம் வெளுத்தும் கீழ் ஓரம் கறுத்தும் இருந்தால் எழுத்து புடைத்துத் தெரியும். இவற்றை மாற்றினால் அதே எழுத்து குழிந்து தெரியும். ஒரே சுவரொட்டியில் தலைப்புக்கு ஒரு திசையிலும் துணைத்தலைப்புக்கு வேறு திசையிலும் ஒளி அமைந்தால் புடைப்பு நம்பும்படி இராது. ‘யூஸ் குளோபல் லைட்’ தெரிவு எல்லா லேயர்களுக்கும் ஒரே கோணத்தைத் தருகிறது. ஆனால் பின்னணிப் படத்தில் வெயில் எப்பக்கம் விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. அதை வடிவமைப்பாளரே பார்க்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளில்

‘இன்னர் பெவல்’ எழுத்தின் உட்பக்கமாகச் சரிகிறது. 20 பிக்சல் தடிமனுள்ள கோட்டில் ‘சைஸ்’ அளவு 10 பிக்சலை நெருங்கும்போது இருபுறச் சரிவுகளும் நடுவில் சந்தித்து, தட்டையான முகம் மறைந்துவிடும். தடித்த ரோமன் எழுத்துகள் இதை ஓரளவு தாங்கும். ண, ழ, ஞ போன்ற சுழியும் வளைவும் மிகுந்த எழுத்துகள் தாங்குவதில்லை. ‘அவுட்டர் பெவல்’ வெளிப்பக்கம் பரவுவதால் சுழிகளின் உள்வெளி அடைபடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் பொருளே மாறிவிடும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். எனவே இங்கு எழுவது அழகுப் பிரச்சினை மட்டுமன்று, வாசிப்புப் பிரச்சினையும் ஆகும்.

மதிப்பீடு

2013-ல் வெளியான ஆப்பிளின் ஐஓஎஸ் 7 தட்டையான தோற்றத்துக்கு மாறியபின், புடைப்பு விளைவு பழையது என்ற கருத்து வலுப்பெற்றது. இது முழுதும் சரியன்று. திருமண அழைப்பிதழில் எம்பாஸ் செய்த பெயரை இன்றும் விரும்புகிறார்கள். அட்டையைச் சாய்த்தால் அதன் நிழல் நகர்கிறது, விரலுக்கும் மேடு தட்டுப்படுகிறது. திரையிலுள்ள நிழல் அப்படி நகராது. ஆகவே அதை மிகையாக்கினால் போலித்தன்மை உடனே தெரிகிறது.

பெரிய தலைப்பு, தடித்த எழுத்துரு, குறைந்த ‘டெப்த்’, ஒரே ஒளித்திசை ஆகியவை அமைந்த இடத்தில் இவ்விளைவு பயன் தரும். நீண்ட வரிகளுக்கும் சிறிய எழுத்துகளுக்கும் இது பொருந்தாது. விளைவை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் எழுத்து தெளிவாக நிற்க வேண்டும். அப்படி நிற்காத எழுத்தைப் புடைப்பு காப்பாற்றுவதில்லை.