கபாடபுரமும் முசிறியும்

இளைஞர்க்கேற்ற வரலாற்றுப் புதினங்களுள் நா. பார்த்தசாரதியின் ‘கபாடபுரம்’ தனிச்சிறப்புடையது. இளவரசன் சாரகுமாரன் நிலவறையில் புகுகிறான். தென்கடல் தீவுகளுக்குச் செல்கிறான். எனினும் வாளினும் இசையிலும் அறிவிலுமே மிளிர்கிறான். வீரம் என்பது வெட்டிச் சாய்ப்பது மட்டுமன்று என்பதை இளம் உள்ளம் இங்கே உணரும்.

ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். கபாடபுரத்தை நாம் அறிவது இறையனார் களவியலுரை முதலிய நூல்வழியே. அகழாய்வுச் சான்று அதற்கு இல்லை. பிள்ளைகள் புதினத்தையே வரலாறாகக் கொள்ளலாகாது.

நம் சாந்தன்பாறைப் பக்கத்துப் பன்னியாற்று நீர் முதிரப்புழை வழியே பெரியாற்றைச் சேர்கிறது. அப்பேரியாற்றங்கரை முசிறியில் யவனர் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்ததை அகநானூறு பாடுகிறது. 2007 முதல் பட்டணத்தில் நிகழ்ந்த அகழாய்வில் உரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. கடல்கொண்ட நகரைக் கதையில் காட்டும் பெற்றோர், மண்ணில் கிடைத்த இச்சான்றையும் உடன் காட்டுவாராக. மலைநாட்டில் வளரும் நம் மக்கள் தாம் வேரற்றவர் அல்லர் என்பதை அப்போது அறிவர்.