பாவியின் வாயிலே பகுத்தறிவு: நடிகவேள் ராதாவின் நடிப்பைக் குறித்து

நாடகம் மக்களைத் திருத்தும் என்பார் ஒரு சாரார். கெடுக்கும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் கதையை நோக்குகின்றனரேயன்றி நடிகனை நோக்குவாரிலர். ஆசிரியன் எழுதிய கதை ஒரு வழியே செல்ல, நடிகனுடைய குரலும் கண்ணும் மக்களை வேறு வழியே இழுத்துச் செல்லுதலும் உண்டு. தமிழ் மேடையில் இதற்குச் சான்று காட்டுக என்றால், நடிகவேள் எம். ஆர். ராதாவையே காட்டலாம். அவரைப் புகழ்ந்தோர் பலர். அவர் நடிப்பு நம்மை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கணக்குப் பார்த்தோர் சிலரே. அக்கணக்கைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வெண்ணம் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அண்மையில் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையை அடுத்த ஓர் அன்பர் இல்லத்தில் "ரத்தக்கண்ணீர்" படத்தை மீண்டும் கண்டோம். கூடியிருந்தோர் மூன்று தலைமுறையினர். ஜொகூர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவும் குடும்பத்திற் பிறந்து, லயத்துத் திடலில் கட்டிய வெள்ளைத் துணியிலே இதே படத்தைப் பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர், அடுத்து வரும் வசனத்தை ராதாவுக்கு முன்னமே சொல்லிக்கொண்டு வந்தார். இளைஞர்களோ வயிறு குலுங்கச் சிரித்தனர். சிரியாதிருந்தவர் ஒருவரே, அவர் வீட்டுக்காரரின் பாட்டியார். அவ்வம்மையாரின் தமையனார் சிறுவனாயிருந்தபோதே சுங்கை பூலோத் தொழுநோய்க் குடியிருப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டவராம். படம் முடிந்தபின் அவர் நம்மை நோக்கி, "ஏன் தம்பி, இந்தப் படத்துக்காரன் பெற்றவளைத் தள்ளினான், கட்டினவளைத் தள்ளினான், அதனால் நோய் வந்தது என்கிறார்கள். எங்கள் அண்ணன் யார் குடியைக் கெடுத்தார்?" என்று கேட்டார். விடை கூற நமக்கு நா எழவில்லை.

அவ்விடையைத் தேடுமுன் நடிகரின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ராதா 1907-இல் பிறந்தவர். இளமையிலேயே வீட்டை விட்டு நீங்கி நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் பள்ளிக்கூடமும் சிறைக்கூடமும் ஒன்றாய்ச் சேர்ந்தவை. விடிந்தாற் பாடம், இருட்டினால் ஆட்டம், பிழை செய்தாற் பிரம்படி. பாட வல்ல பையனுக்கே ராஜபார்ட்டு. சங்கீதம் ஆட்சி செய்த அம்மேடையில் ராதாவுக்குப் பாட்டுத் தொண்டை இல்லை. இக்குறையே அவருக்கு வாழ்வளித்தது எனலாம். பாடி மயக்க இயலாதவர் பேசி மடக்கக் கற்றுக்கொண்டார். கதாநாயகன் ஆக இயலாதவர் கெட்டவன் வேடத்தைத் தம் உடைமையாக்கிக்கொண்டார்.

பேசும்படம் தோன்றியபோது அவரும் அங்கே சென்று பார்த்தார். 1937-இல் "ராஜசேகரன்", 1939-இல் "பம்பாய் மெயில்" முதலிய படங்களில் நடித்தார். சினிமா அவரைப் பற்றிக்கொள்ளவில்லை. அவரும் சினிமாவைப் பற்றிக்கொள்ளவில்லை. மேடைக்கே திரும்பினார். "இழந்த காதல்", "தூக்கு மேடை", "ரத்தக்கண்ணீர்" ஆகிய நாடகங்களே அவரை ஊரறியச் செய்தன. "இழந்த காதல்" நாடகத்தில் ஒரு காட்சி முழுவதும் சபைக்கு முதுகைக் காட்டி நின்றே பேசி, முகத்தைக் காணாமலே மக்களை நடுங்கவைத்தார் என்று கண்டோர் கூறுவர். அன்றாடம் பத்திரிகையில் வந்த செய்தியை அன்றிரவே வசனத்திற் கலந்துவிடுவதும் அவர் வழக்கம். ஆகவே ஒரே நாடகத்தைப் பத்துமுறை பார்த்தவன் பத்து நாடகங்களைப் பார்த்தவனாவான்.

அவர் சுயமரியாதை இயக்கத்தைச் சார்ந்தவர் என்பதும், மேடையிற் சாதியையும் சடங்கையும் சகுனத்தையும் கிழித்தெறிந்தார் என்பதும் யாவரும் அறிந்தவை. 1954-இல் அவர் நடத்திய இராமாயண நாடகம் பெருங் கலகத்தைக் கிளப்பிற்று. அவ்வாண்டிலேயே சென்னைச் சட்டசபை புதிய நாடகச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது ராதா ஒருவரை மனத்திற்கொண்டு செய்யப்பட்ட சட்டம் என்றே அக்காலத்தோர் பேசினர். 1876-இல் ஆங்கிலேயர் நாடகங்களை அடக்கச் செய்த சட்டத்தின் தம்பியே அது. ஒரு நடிகனின் நாவுக்கு அரசாங்கம் சட்டம் போட்டு அஞ்சியது என்றால், அந்நாவின் வன்மைக்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, அவருடைய கலையின் மறைபொருளுக்கு வருவோம். சீர்திருத்தம் பேச வந்த பிற நாடகங்களில் நல்லவன் ஒருவன் நிமிர்ந்து நின்று பிரசங்கம் செய்வான். மக்கள் கைதட்டுவர், வீட்டுக்குப் போய் மறந்துவிடுவர். ராதா அவ்வாறு செய்யவில்லை. அவர் குடியனாக, காமுகனாக, கஞ்சனாக, நோயாளியாக வந்தார். பேசத் தகாத உண்மைகளை அவ்வேடங்களின் வாயிலே வைத்தார். உத்தமன் சொன்னால் உபதேசம். போக்கிரி சொன்னால் கேலி. உபதேசத்தை எதிர்த்து நிற்க நமக்குத் தெரியும். சிரிப்பை எதிர்த்து நிற்க எவனுக்குத் தெரியும்? சாமியாரைக் குறித்துப் போக்கிரி ஒரு சொல் வீசுவான். பட்டை போட்ட முதலாளியும் தம்மை மறந்து சிரிப்பார். சிரித்து முடித்தபிறகே அச்சொல் தம்மீது பட்டதென்று அறிவார். பாவியின் வாயிலே பகுத்தறிவை வைத்தது ராதாவின் பெருந் தந்திரம்.

ஆயினும் தந்திரத்துக்கு விலை உண்டு. அவ்விலையை "ரத்தக்கண்ணீர்" படத்திலே தெளிவாகக் காணலாம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இக்கதை, கிருஷ்ணன், பஞ்சு இருவரின் இயக்கத்தில் 1954-இல் திரைக்கு வந்தது. மோகன் என்னும் செல்வன் அயல்நாட்டிலிருந்து திரும்புகிறான். நம் நாட்டு வழக்கங்களை எள்ளி நகையாடுகிறான். மனைவி சந்திராவைப் புறக்கணித்துக் காந்தா என்னும் தாசியின் வலையில் வீழ்கிறான். பெற்ற தாயையும் மதிக்கவில்லை. இறுதியில் தொழுநோய் பற்றுகிறது, பொருள் தீர்கிறது, காந்தா துரத்துகிறாள், வீதிக்கு வருகிறான்.

இக்கதையின் எலும்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்கிறவன் எவன்? கெட்டவன். அவன் எங்கிருந்து வந்தான்? அயல்நாட்டிலிருந்து. அவனுக்கு நேர்ந்ததென்ன? நோய். அந்நோய் எதன் பயன்? அவன் செய்த வினையின் பயன். பழைய புராணிகர் கதாகாலட்சேபத்திற் கூறுவதும் இதுவன்றோ? கர்மத்தை வாசல் வழியே துரத்திய சீர்திருத்தக்காரர், அதையே பின்கட்டு வழியே உள்ளே அழைத்துக்கொண்டனர். மோகனுடைய வாய் மூடநம்பிக்கையைச் சாடுகிறது. மோகனுடைய உடலோ மூடநம்பிக்கைக்குச் சாட்சி சொல்லுகிறது.

தொழுநோய் பாவத்தின் கூலி அன்று. அது ஒரு கிருமியினால் வருவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்தார். அது காமத்தால் தொற்றும் நோயும் அன்று. மக்களுட் பெரும்பாலோருக்கு அக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையிற் சல்போன் மருந்து கொண்டு நோயைத் தணிக்கத் தொடங்கினர். 1980-களிற் கூட்டு மருந்து முறை பரவியபின் அது முற்றிலும் குணமாகும் நோயாயிற்று. படம் வெளிவந்த 1954-இலேயே நோய்க்கு மருந்து இருந்தது; கதையிலேதான் மருந்து இல்லை. கதைக்கு வேண்டியது தண்டனை. மருந்து வந்தால் தண்டனை போய்விடுமே!

நம் பக்கத்து நிலைமையையும் எண்ண வேண்டும். சுங்கை பூலோக் குடியிருப்பு 1930-இல் ஏற்பட்டது. சிங்கப்பூரில் ட்ராபல்கர் இல்லம் இருந்தது. நோய் கண்டவர்களைக் குடும்பத்தினின்றும் பிரித்து அங்கே வைத்தனர். தோட்டத்து லயத்தில் ஒருவருக்கு வெண்திட்டுத் தோன்றினால், அவரோடு அவர் வீட்டுப் பெண்ணின் திருமணமும் நின்றுபோகும். அத்தகைய மக்கள் நடுவே வெள்ளைத் துணியில் மோகன் வந்து இருமிக்கொண்டு நின்றபோது, சிரித்தோர் பலர். முகத்தை மறைத்துக்கொண்டோர் சிலர். அச்சிலரைப் பற்றி நம் பத்திரிகைகளும் மன்றங்களும் எண்ணினவா?

இது கதையின் குற்றம். நடிகரின் கணக்கை இனித் தனியே பார்ப்போம், நீதி அதுவே.

நோய் வந்தபின் அழுது இரங்கவைப்பது எளிய வழி. வேறு நடிகராயின் அவ்வழியே சென்றிருப்பர். ராதா அழவில்லை. கரகரத்த குரலும், நடுவே அறுந்து அறுந்து வரும் மூச்சும், திடீரென்று உச்சத்துக்கு ஏறிப் படுகுழிக்கு இறங்கும் தொனியும் கொண்டு, வீதியிற் கிடந்தபடியே உலகத்தை விசாரணை செய்கிறார். செல்வனாயிருந்தபோது மோகன் பேசிய கேலி திமிர். பிச்சைக்காரனான பிறகு பேசும் கேலி அறிவு. சொற்கள் ஏறக்குறைய அவையே. பேசுகிறவன் நிற்குமிடம் மாறிவிட்டது. இம்மாற்றத்தைக் குரலொன்றினாலேயே காட்டியது ராதாவின் ஒப்பற்ற திறமை. கதை அவனைத் தண்டிக்கிறது. நடிகரோ தண்டிக்கப்பட்டவனை மனிதனாக்குகிறார். முடிவில் மோகன் தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மணம் செய்துவைக்கிறான். கைம்பெண் மணத்தைப் பற்றி நூறு தீர்மானம் நிறைவேற்றலாம். கணவனே உயிரோடிருந்து கையைப் பிடித்துக் கொடுக்கும் அக்காட்சியின் வன்மை தீர்மானத்துக்கு வராது. ஆனால் நோயாளியை அருவருக்கும்படி கதை சொல்லியதை நடிப்பு முழுவதும் துடைத்துவிடவில்லை. ராதாவின் நடிப்பாற் கதையின் பிழை மறைந்தது, தீர்ந்துவிடவில்லை.

அதன்பின் சினிமா அவரை விடாது பற்றிக்கொண்டது. "பாகப்பிரிவினை", "பாவ மன்னிப்பு", "பலே பாண்டியா" என்று படத்துக்குப் படம் வந்தார். சினிமா முதலாளிகள் அவர் குரலை விலைக்கு வாங்கினர். குரலுக்குப் பின்னிருந்த கருத்தை வாங்கவில்லை. கெட்டவன் மிஞ்சினான், பகுத்தறிவு தேய்ந்தது. நமக்கு நெருங்கிய சான்று 1959-இல் வந்த "பாகப்பிரிவினை". அதில் அவர் ஏற்ற வேடம் சிங்கப்பூரிலிருந்து வந்த சிங்காரம். கூட்டுக் குடும்பத்திற் புகுந்து கலகமூட்டிப் பிரிக்கிறவன் அவன். தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் எத்தனையோ அடுப்புகள் சிங்கப்பூர் மணியார்டரால் எரிந்தன. சினிமாவுக்கு மட்டும் சிங்கப்பூர்க்காரன் பகட்டுக்காரனாகவும் குடிகேடனாகவும் தோன்றினான். அதே படத்திற் கதாநாயகன் கண்ணையனும் கை முடங்கியவனே. அவனுக்கு நேர்ந்தது விபத்து, ஆகையால் இரக்கம். மோகனுக்கு நேர்ந்தது வினைப்பயன், ஆகையால் அருவருப்பு. உடலின் ஊனத்தை வைத்தே நல்லவனையும் தீயவனையும் பிரித்துக் காட்டும் இவ்வழக்கம் தமிழ்ப் படங்களைப் பற்றிய ஒரு நோய்.

1967-இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கிற் சிறை சென்றதும், மீண்டு வந்து சில படங்களில் நடித்ததும், 1979 செப்டம்பர் 17-இல் மறைந்ததும் ஊரறிந்த செய்திகள். அவற்றை விரித்துரைப்பதால் அவர் கலைக்கு ஆவதொன்றுமில்லை.

முடிவாக நாம் கூறுவது இது. நடிகவேள் ராதா தம் காலத்துச் சீர்திருத்த நாடகத்தைவிடப் பெரியவர். அந்நாடகம் துணியாத இடத்துக்கு அவர் குரல் துணிந்து சென்றது. ஆனால் ஒருவரைப் போற்றுவதற்காக அவர் நடித்த கதையின் பிழையையும் போற்ற வேண்டியதில்லை. எதையும் கேள்வி கேள் என்று கற்பித்தவரின் படத்தையும் கேள்வி கேட்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. இளைஞர் மன்றங்களில் "ரத்தக்கண்ணீர்" படத்தைக் காட்டுவோர் காட்டட்டும்; சிரிப்போர் சிரிக்கட்டும். விளக்கை அணைக்குமுன் ஒருவர் எழுந்து, இந்நோய் எவர் பாவத்தாலும் வருவதன்று, மருந்தால் தீர்வது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரட்டும். அவ்வளவே நாம் வேண்டுவது.

அன்றிரவு நாம் விடைபெறும்போது பாட்டியார் வாயிற்படி வரை வந்தார். "அம்மா, உங்கள் அண்ணன் யார் குடியையும் கெடுக்கவில்லை. கதை எழுதினவர்கள் யோசிக்காமல் எழுதிவிட்டார்கள்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அதை அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுப் போ, தம்பி" என்றார். திரும்பி உள்ளே சென்றோம்.