சோறு கடைசியில் வரட்டும்: பழவேற்காட்டில் மீன் சாப்பிடுவது எப்படி?

சென்னையிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தப்பான நேரத்தில் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து இறங்குவது, டச்சுக் கல்லறை வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பத்தோடு ஒரு படம், ஏரிக்கரையில் ஒரு படம், இரண்டு மணிக்கு மீன் சாப்பாடு, நான்கு மணிக்குக் கார். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம் அது. விடியற்காலை விற்றுத் தீர்ந்ததில் மிச்சம் எதுவோ அதுதான் இலைக்கு வரும். மூன்று மணிக்கு மேல் போங்கள். ஏரிக்குள் போகும் சிறு படகுகள் தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்துத்தான் வலை போடுகின்றன, நம் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து அல்ல. ஆகவே சாயங்காலம் கரையில் நின்றால் ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு உட்கார்ந்து, ஒன்பது மணி வரை நிதானமாகச் சாப்பிடுவதற்கு உகந்த ஊர் அது.

வழி சொல்ல ஒரு வரி போதும். கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ.

ஜப்பானின் பெருநகரங்களில் இஸகாயா என்று ஒரு வகைக் கடை உண்டு. வாசலில் சிவப்புக் காகித விளக்கு தொங்கும். ஆபீஸ் விட்டதும் நாலு பேராகப் போய் நெருக்கியடித்து உட்காருவார்கள். ஆளுக்கொரு பியரோ சாக்கேயோ, நடுவில் சின்னச் சின்னத் தட்டுகள். முதலில் வெட்டிவைத்த பச்சை மீன், பிறகு தணலில் சுட்டது, பிறகு பொரித்தது. எல்லாம் முடிந்த பின்தான் ஒரு கிண்ணம் சோறோ நூடுல்ஸோ வரும். நம் ஊரில் கள்ளுக்கடைகள் இருந்த காலத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஈடான ஒன்று இருந்தது: மர நிழல், சுட்ட கருவாடு, காரமான நண்டு. தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை. கேரளத்தின் கள்ளு ஷாப்புகளில் இன்றும் அந்தச் சாப்பாட்டு ருசி உயிரோடிருக்கிறது. நமக்குக் குடி வேண்டாம்; இஸகாயாவின் சாப்பாட்டு வரிசையை மட்டும் பழவேற்காட்டுக்குக் கடன் வாங்கலாம் என்பது என் கட்சி.

ஏனென்றால் நம் பழக்கம் நேர்மாறானது. இலையில் சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் வறுவல். மடவையானாலும் கிழங்கானானாலும் நண்டானாலும் புளியும் மிளகாய்த்தூளும் எல்லாவற்றையும் ஒரே ருசியாக்கிவிடும். தினசரிச் சாப்பாட்டுக்கு அது சரி. இவ்வளவு தூரம் மெனக்கெட்டு வருகிறவர் ஒவ்வொரு மீனையும் தனியே ருசி பார்க்க வேண்டாமா? சோற்றைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. என்ன சாப்பிடலாம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு வராதீர்கள். பஜாரில் சிறு ஓட்டல்கள் இருக்கின்றன. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் வீட்டில் சமைத்துத் தருகிறவர்களும் உண்டு. யாரிடம் போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

“அக்கா, இன்னைக்கு என்ன கெடைச்சுது?”

“மடவ கெடக்கு தம்பி. கெழங்கான் கொஞ்சம் இருக்கு. நண்டு கேக்காத, நாளைக்குத்தான்.”

இந்தப் பதிலில் முகம் சுளிப்பவர் திரும்பிப் போய் நகரத்து ஓட்டலில் உறைந்த மீன் சாப்பிடலாம். பழவேற்காட்டில் எது கிடைக்கும் என்பது மீனவர் கையில் மட்டும் இல்லை. ஏரியின் தென்கோடியில் இறால் வலை கட்டும் இடங்களைப் பட்டினவர் கிராமங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. யார், எந்த நாளில், எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். இதற்குப் பாடு என்று பெயர். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 1991-இல் இந்த ஏரியின் மரபு முறைகளைப் பற்றித் தனி ஆய்வேடே வெளியிட்டது. இன்றைக்கு யாருடைய முறை, நிலா எங்கே இருக்கிறது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா மணல் மேடிட்டுக் கிடக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்ததுதான் உங்கள் தட்டு.

இறால் கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ஓட்டோடு, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைக்கச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம் என்றால் “ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். சிரித்துச் சமாளியுங்கள். கொதிக்கும் தண்ணீரில் ஓடு சிவந்து, உடல் அரைவட்டமாக வளைந்ததும் எடுத்துவிட வேண்டும். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் அது ரப்பர். வாங்கும்போது தலையைப் பாருங்கள்: உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், கறுத்திருக்கக் கூடாது. கையைச் சுட்டாலும் நீங்களே உரியுங்கள், தலையை உறிஞ்சாமல் வைக்காதீர்கள்.

முதல் கடியில் ஒரு தித்திப்புத் தெரியும். அதற்குக் காரணம் ஏரித் தண்ணீர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்முனை மட்டும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஆகவே வெயிலில் உப்பு ஏறுவதும், ஆரணியாறும் காலாங்கி ஆறும் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டினால் உப்பு இறங்குவதும் வேகமாக நடக்கும். உப்பு ஏறின தண்ணீரில் தாக்குப்பிடிக்க இறால் தன் சதைக்குள் கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்கிறது. கிளைசின் இனிப்பு. கோடையில் பிடித்த இறாலையும் ஐப்பசி கார்த்திகை மழையில் பிடித்ததையும் இரண்டு தடவை வந்து சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் நாக்குக்கே தெரியும். குழம்பில் போட்டால் இதில் எதுவும் தெரியாது.

இந்த இறாலில் ஒரு பகுதி வலையில் வந்ததே இல்லை. இருளர் பெண்கள் ஆழமில்லாத நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். தட்டில் இருப்பது எத்தனை தடவை குனிந்ததன் கூலி என்று தெரிந்தால் பேரம் பேச வாய் வராது.

அடுத்தது பொரியல். இங்கே நான் கிழங்கான் கட்சி. வஞ்சிரம் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அது கடல் மீன், காசிமேட்டிலேயே கிடைக்கும். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும் கிழங்கான், வெள்ளைச் சதை, லேசான வாசனை. இதன் பங்காளி மீனுக்கு ஜப்பானில் கிசு என்று பெயர். முள்ளெடுத்து, வாலை மட்டும் விட்டு, மெல்லிய மாவில் தோய்த்துத் தெம்புரா போடுவார்கள். அங்கே மாவு பூசுவதே சதை தன் ஈரத்திலேயே வேகட்டும் என்பதற்காக. நம் முறையில் முழு மீனைக் கீறி மசாலா தடவிக் கல்லில் போடுகிறோம். ‘மசாலா கம்மியா, எண்ணெய் நல்லா காஞ்சதும் போடுங்க’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். நடு முள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம், குழந்தைகளுக்கும் ஊட்டலாம். கூடக் குடிக்க, உப்புப் போட்ட எலுமிச்சை சோடா. இஸகாயாவில் பியர் செய்கிற வேலை, நாக்கிலிருந்து எண்ணெயைக் கழுவிவிடுவது. அதை நம் கோலி சோடா வம்சம் குறைவில்லாமல் செய்யும்.

மடவைக்கு வருவோம். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து, சினை பிடித்த மடவை முட்டையிடக் கடலுக்குப் போகப் பார்க்கிற நாட்களில் போனால் அதிர்ஷ்டம். மீனை வெட்டியதும் உள்ளே இரட்டைப் பையாக மஞ்சள் சினை இருக்கும். ஜப்பானில் இதே மீனின் சினைப்பையைக் கிழியாமல் எடுத்து, உப்பில் போட்டு, அழுத்தி, நாள் கணக்கில் காயவைத்துக் கரசுமி செய்கிறார்கள். நாகசாகியின் கரசுமி அந்த நாட்டின் விலை உயர்ந்த தின்பண்டங்களில் ஒன்று. மெல்லிசாகச் சீவி, லேசாக வாட்டி, ஒரு துண்டு முள்ளங்கியோடு தின்பார்கள். 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கம்பெனி 1641-இலிருந்து நாகசாகியின் தேஜிமாத் தீவிலும் கடை விரித்திருந்தது. சோழமண்டலக் கரையின் துணி ஜப்பான்வரை போனது. சினை உலர்த்தும் வித்தை இந்தப் பக்கம் வரவில்லை! நாம் சினையைத் துண்டு மீனோடு சேர்த்துக் குழம்பில் போட்டுவிடுகிறோம். அடுத்த முறை தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மிளகும் உப்பும் தூவி, குறைந்த தீயில், மூடி போட்டு, இரண்டு பக்கமும் பொன்னிறமாகும்வரை. தீ அதிகமானால் வெடித்துச் சிதறும். சுண்டுவிரல் அளவு துண்டு போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க வேண்டிய சரக்கு அது.

நண்டு விஷயத்தில் பெரிசு கேட்டு அலையாதீர்கள். பெரிய பச்சை நண்டு, கொடுக்கு கட்டப்பட்டு, உயிரோடு சிங்கப்பூர் பக்கம் விமானம் ஏறிவிடும். நடுத்தர நண்டில்தான் மசாலாவும் இறங்கும். பின்கால் முளைக்கும் இடத்தருகே அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் புதிதாக ஓடு மாற்றிய நண்டு, உள்ளே பாதி தண்ணீர். அமாவாசையை ஒட்டிப் பிடித்த நண்டில்தான் சதை இருக்கும் என்பது கரையில் எல்லோரும் சொல்வது. வயிற்றுக்கு வெளியே முட்டை சுமக்கும் பெட்டையை விலைக்குக் கேட்காதீர்கள், அடுத்த வருஷத்து நண்டு அதில்தான் இருக்கிறது. கொழும்பில் டச்சுக்காரர்கள் கட்டிய பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011-இல் தொடங்கிய ‘மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்’ உணவகம் உறைபெட்டியே வைத்துக்கொள்வதில்லை என்று பெருமை பேசுகிறது. அதை நடத்தும் தர்ஷன் முனிதாச பாதி ஜப்பானியர். உறைபெட்டி இல்லாத சமையல் பழவேற்காட்டு வீடுகளுக்குப் பெருமை இல்லை, வழக்கம்.

நண்டைத் தின்ன மரியாதை பார்க்கக் கூடாது. முதலில் கால்கள்: கணுவில் ஒடித்து, கடித்து, உறிஞ்ச வேண்டும். பிறகு உடல். மேலோட்டைத் திறந்ததும் இரு பக்கமும் இருக்கும் சாம்பல் நிறச் செவுளை எடுத்துவிடுங்கள். ஓட்டுக்குள் மஞ்சளும் பழுப்புமாகக் குழைந்திருப்பதை நம்மில் பலர் வழித்து எறிகிறார்கள். ஜப்பானியர் அதற்குக் கனி மிசோ என்று பெயர் வைத்து, ஓட்டிலேயே சூடாக்கிச் சாக்கேயோடு சாப்பிடுகிறார்கள். சமைக்கும்போதே அதை மசாலாவில் கரைத்துவிடச் சொன்னால் தேங்காய் இல்லாமலே குழம்பு கெட்டிப்படும். கொடுக்கைக் கடைசியில் உடைக்கலாம்.

ஜப்பானியரிடம் கடன் வாங்கக் கூடாதது ஒன்று உண்டு: பச்சையாகத் தின்பது. அங்கே சஷிமிக்குப் போகும் மீனுக்குப் பிடித்த நிமிடத்திலிருந்து ஐஸ். இங்கே வெதுவெதுப்பான, ஆழமில்லாத ஏரி; மழையில் ஊர்த்தண்ணீரெல்லாம் வந்து கலக்கும். நன்றாக வேகட்டும்.

இப்போது சோறு வரலாம். கொஞ்சம் போதும். மண்சட்டியில் மதியமே வைத்த மடவைக் குழம்பு இருந்தால் அதை விடாதீர்கள். புளி மீனுக்குள் இறங்க அரை நாள் ஆகும். நண்டு ரசம் இருந்தால் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் வாங்கிக் குடியுங்கள்.

சாப்பிட்ட பின் ஏரிக்கரையில் கொஞ்சம் நடக்கலாம். இரவு வாழ்க்கை என்று சுற்றுலாக்காரருக்கு இங்கே எதுவும் இல்லை. ராத்திரி என்பது இங்கே வேலை நேரம். வலையைச் சரிபார்ப்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாம், வேலை கெடாத அளவுக்கு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராத்திரி ராக்கெட் ஏவும் நாளானால் வடக்கே வானம் வெளுக்கும். ஆனால் அன்று கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு உத்தரவு இருக்கும், மீன் குறைவாகத்தான் வரும். படகில் ஏற்றிப் போகச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை.

கடைசியாக, கரையில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று பாட்டிலோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொது இடத்தில் குடிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் தண்ணீரில் வீசும் பாட்டில் உடைந்து கிடக்கும் சேற்றைத்தான் மறுநாள் பெண்கள் வெறுங்கையால் துழாவுகிறார்கள். பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.