அணை உடையும்: உண்மை சரிபார்ப்பவர்களின் பாடம் குறித்து

‘இந்தப் படம் பழசு, அந்த வீடியோ வேற ஊரு’ என்று சொல்லித்தருகிறார்கள் உண்மை சரிபார்ப்பாளர்கள். படத்தைக் கூகுளில் போட்டுத் தேடு, தேதியைப் பார், முதலில் சொன்னவன் யாரென்று கேள். 2018இல் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் இது பாடமாயிற்று. தமிழில் யூடர்ன் போன்றோர் சரிபார்ப்பையே தொழிலாகச் செய்கிறார்கள். கேலி பேச ஏதுமில்லை. அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான பெண்ணைக் குழந்தை கடத்துபவள் என்று அடித்தே கொன்றவர்கள் நம் ஜனங்கள்தான்.

எனக்குள்ள சிக்கல் வேறு. கம்பத்தில் உட்கார்ந்து இந்தப் பாடத்தை வாசித்தால் அதன் இலக்கணமே இடிக்கிறது. சரிபார்ப்பு, இறந்தகால வினைமுற்றோடுதான் வேலை செய்யும்: நடந்ததா, நடக்கலையா. இங்கே நம்மை ஆட்டிவைத்த வாக்கியமோ எதிர்காலத்தில் அமைந்தது. ‘முல்லைப் பெரியாறு உடையும்.’ 1895இல் திறந்த அணை. 142 அடிவரை தேக்கலாம் என்று 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், 2021 அக்டோபரில் அணையை அகற்றச் சொல்லும் ஹேஷ்டேக் கேரளத்தில் பரவிற்று. அந்த வாக்கியத்தின்மேல் ‘பொய்’ என்று சிவப்பு முத்திரை குத்துவது எப்படி?

2011 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் இங்கே பரவியிராத காலம். ஏலக்காட்டு வேலைக்குப் போன நம் பெண்கள் இடுக்கியிலிருந்து அடித்துப்பிடித்து இறங்கிவந்தார்கள். என்ன நடக்கிறதென்று அவர்களுக்குச் சொன்னது ஜீப் டிரைவர், கங்காணி, கூட வேலை பார்த்தவள். அதில் நடந்ததும் இருந்தது, ஊதிப் பெருக்கியதும் இருந்தது. ‘இரண்டு மூலங்களில் சரிபார்’ என்ற பாடப்படி நடந்திருந்தால் அவள் மலையிலேயே நின்றிருக்க வேண்டும். அவள் செய்ததும் வாசிப்புத்தான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த வாசிப்பு. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. அவள் வெறும் பாத்திரம், நிரப்புகிறவர் நிபுணர். பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி என்று சாடியது இதைத்தான்.

2023 மார்ச்சில், பிகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களைப் பரப்பினார்கள். மறுத்தது சரி. அந்த ஆண்டே தமிழக அரசு தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது. அரசைப் பற்றிய செய்திக்கு அரசே தீர்ப்புச் சொல்லலாமா? ஒன்றிய அரசின் இத்தகைய பிரிவுக்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதைக் கொண்டாடிய நம் தோழர்கள் சென்னையைப் பற்றி வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

வகுப்பெடுக்க வருகிறவர்கள் ஒருநாள் விடிகாலை கம்பம்மெட்டுக்கு ஏறும் ஜீப்பில் இடம்பிடித்து உட்காரட்டும். எந்தச் சேதியை நம்புகிறாள், யார் சொன்னால் நம்புவதில்லை, ஏன் என்று அவளிடமே கேட்கட்டும். படம் போட்டுக் காட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.