பிரம்மதண்டுக்கு வேண்டிய வெயில்

மாசி, பங்குனியில் தரிசு நிலத்தை ஒட்டி நடந்தவர்கள் எல்லோரும் அந்த மஞ்சளைப் பார்த்திருப்பார்கள். தண்டவாளச் சரளைக்கல் நடுவே, அறுவடை முடிந்த கொல்லையில், இடிந்த சுவரின் காலடியில், முள்ளும் பூவுமாய் நிற்கும் பிரம்மதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். ஆடுமாடு அதில் வாய் வைப்பதில்லை. நாமும் வேட்டி நுனியை ஒதுக்கிக்கொண்டு கடந்துவிடுகிறோம். இன்று கடக்க வேண்டாம். கொஞ்சம் குனிந்து, பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

முதலில் இதழ். பெரும்பாலும் ஆறு இருக்கும்; சில பூக்களில் நான்கோ ஐந்தோ. இந்தச் செடி கசகசாவுக்கு உறவு. அந்தக் குடும்பத்துப் பூக்களுக்கே உரிய மெல்லிய, கசங்கிய பட்டு இதற்கும் வாய்த்திருக்கிறது. முள் முளைத்த மூன்று புல்லிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டிக் கொம்பு. அந்தச் சின்னஞ்சிறு செப்புக்குள் அத்தனை பெரிய இதழ்கள் மடிந்து நெருங்கிக் கிடக்கின்றன. விரியும்போது புல்லிகள் உதிர்ந்துவிடும். மடிப்பின் சுருக்கம் மட்டும் இதழில் தங்கிவிடும், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து உதறிய சேலையில் தங்குவது போல. அந்தச் சுருக்கத்தில்தான் வெயில் விளையாடுகிறது. மேட்டில் ஒரு மஞ்சள், பள்ளத்தில் ஒரு மஞ்சள், இரண்டும் சேரும் வரம்பில் பெயரில்லாத மூன்றாவது மஞ்சள். வெயில் இதழின் பின்னாலிருந்து வந்தாலோ, இதழே ஒளியாகிவிடுகிறது. அகல் விளக்கின் சுடரை உள்ளங்கையால் மறைத்தால் விரல் ஓரங்கள் சிவந்து ஒளிருமே, அதுபோல நரம்பு நரம்பாய் ஒளிர்கிறது.

நடுவில் பாருங்கள். பொன்னிறக் கேசரங்கள் கொத்தாகச் சூழ்ந்திருக்க, அவற்றின் மையத்தில் கருஞ்சிவப்பாய்ச் சூலகமுடி. மஞ்சள் பூசிய முகத்தில் ஒற்றைக் குங்குமப் பொட்டு. இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தத்தை நாடியே தேனீக்கள் வருகின்றன. வந்தவை கேசரக் காட்டுக்குள் புரண்டு, உடம்பெல்லாம் பொடி பூசிக்கொண்டு போகின்றன.

பூவின் பேரழகில் இலையை மறந்துவிடுவது எளிது. எனக்கென்னவோ இலைதான் பூவைவிட நுட்பமான வேலைப்பாடு என்று தோன்றும். நீலமும் சாம்பலும் படர்ந்த பச்சை. நரம்பு ஓடும் வழியெல்லாம் வெண்மை, ஈரத்தரையில் இழைக்கோலம் போட்டாற்போல. காம்பு இல்லாமல் தண்டையே தழுவிக்கொண்டிருக்கும் அந்த இலை, விளிம்பு வளையும் இடமெல்லாம் ஒரு முள்ளில் போய் முடிகிறது. உச்சி வெயிலில் இதெல்லாம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு முள்ளும் தன் நிழலைப் பக்கத்தில் ஒரு கோடாக இழுத்து வைத்திருக்கும்.

இந்த அழகுக்காகவே மொட்டைமாடியில் இரண்டு மண்தொட்டிகளில் விதை போட்டேன். ஆணிவேர் கொண்ட செடி. பிடுங்கி நட்டால் வாடும் என்பதால் தொட்டியிலேயே விதைத்தேன். ஒரு தொட்டி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அமைந்துவிட்டது. அந்தச் செடி வெளிச்சத்தைத் தேடி நீண்டு, மெலிந்து, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, இரண்டே பூ பூத்தது. வெட்டவெளியில் இருந்த செடி கட்டுக்குட்டென்று கிளைத்து, நாள் தவறாமல் மலர்ந்தது. மண் ஒன்று, நீர் ஒன்று, வெயில்தான் வேறு. தினமும் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் இதற்கு வேண்டும். எட்டு மணி நேரம் கிடைத்தால் இன்னும் களிக்கும். பச்சை நிழல்வலை வேண்டவே வேண்டாம். இன்னொன்று: தை, மாசியில் நம் ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டியை வைத்தால் பூக்கும் காலத்தில் சுவரின் நிழலே அதற்கு மிஞ்சும். நாலடி தள்ளி வையுங்கள். மணல் கலந்த மண், அளவான நீர் போதும்.

தண்டை ஒடித்தால் பளிச்சென்று மஞ்சள் பால் கசியும். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த இந்தச் செடிக்கு 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் ஆர்ஜிமோனே மெக்சிகானா என்று பெயரிட்டார். ஆர்ஜிமோனே என்ற சொல்லின் வேர், கண்ணில் விழும் வெண்படலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஒளிக்காக உயிர்வாழும் செடியின் பெயருக்குள்ளேயே கண் இருப்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனாலும் அந்தப் பாலைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்.

காய் முற்றும்போது நுனியில் மட்டும் பிளந்து, விலா எலும்பு போன்ற சட்டங்கள் நிற்க, முள் வேய்ந்த சின்னக் கூண்டாகிறது. உள்ளே கடுகு போன்ற கரிய விதைகள். உருப்பெருக்கியில் வைத்தால் ஒவ்வொன்றின் மேலும் வலை பின்னியிருக்கிறது. பார்க்கக் கடுகு, உண்ண நஞ்சு. 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்ததால் பலர் உயிரிழந்தார்கள். அதனால் காய்கள் பிளக்கும் முன்பே கத்தரித்து, மறு வருஷத்துக்கென்று ஒரு சிட்டிகை விதை மட்டும் சீட்டு எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறேன்.

தொட்டியெல்லாம் வைக்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். வரும் மாசியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, ஊர் எல்லையில் எந்தத் தரிசுக்காவது போங்கள். செடிக்கு மேற்கே உட்கார்ந்து, சூரியன் இருக்கும் பக்கமாக அந்தப் பூவைப் பாருங்கள்.